அந்துருண்டை வாசனையும் ஒரு காடும்: வாசல் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துக் கதைப் புத்தகங்களைச் சத்தமாகப் படிக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர், மாடிப்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்கள். பிள்ளைகள் கேட்பவை அவற்றைவிடக் கடினமானவை. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

‘வாசல் கதை’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் போர்ட்டல் ஃபேன்டஸி என்கிறார்களே, அதைத்தான். நாம் வாழும் இதே உலகத்தில் ஒரு பிள்ளை இருக்கும். முயல் வளை, கண்ணாடி, துணி அலமாரி, சூறாவளி என்று ஏதோ ஒன்றின் வழியாக வேறோர் உலகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே சிலவற்றைப் பார்க்கும், சிலவற்றைச் செய்யும். பெரும்பாலும் திரும்பி வரும். இலக்கணம் அவ்வளவுதான்.

எல்லா மாயக் கதைகளும் இதில் சேராது. டோல்கீனின் ‘ஹாபிட்’ முதல் வரியிலிருந்தே வேற்றுலகில் நடக்கிறது. நாம் கடந்துபோக அங்கே வாசல் இல்லை. பிரிட்டிஷ் விமர்சகர் ஃபாரா மெண்டல்சன் 2008இல் எழுதிய நூலில் மிகுபுனைவை, அதாவது ஃபேன்டஸியை, நான்கு வகையாகப் பிரித்தார். வாசலைத் தாண்டிப் போவது ஒன்று, முழுக்க வேற்றுலகிலேயே நடப்பது ஒன்று, மாயம் நம் உலகத்துக்குள் புகுந்து கலைப்பது ஒன்று, நடந்தது மாயம்தானா என்றே தெரியாமல் நிற்பது ஒன்று. வாசல் கதையில் மாயம் வாசலுக்கு அந்தப் பக்கமே இருந்துவிடும், இந்தப் பக்கம் கசியாது என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த கவனிப்பு. ஏன் பிடிக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதைத் தொடங்கி வைத்தது ஆலிஸா?

குழந்தைகளுக்கான அச்சுப் புத்தகம் என்ற அளவில் பெரிய தொடக்கம் ‘அற்புத உலகில் ஆலிஸ்’தான். 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன், தன் நண்பர் ஒருவரோடும் லிடெல் வீட்டுச் சிறுமிகள் மூவரோடும் தேம்ஸ் நதியில் படகோட்டிக்கொண்டு போனார். பொழுதுபோக வாய்க்கு வந்ததைச் சொன்ன கதை அது. நடுப்பெண் ஆலிஸுக்கு அப்போது பத்து வயது. எழுதித் தரச் சொல்லி அவள் விடாமல் கேட்டதால் கதை தாளுக்கு வந்தது. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865இல் அச்சானது. அச்சு சரியில்லை என்று ஓவியர் ஜான் டென்னியல் முகம் சுளித்ததால், முதலில் அச்சிட்ட 2000 பிரதிகளையும் நிறுத்தி மறுபடி அச்சிட்டார்கள்.

ஆனால் நிலத்தில் ஒரு பொந்து, அதற்குள் ஓர் உலகம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. கிட்கிந்தா காண்டத்தில் சீதையைத் தேடிப்போகும் வானரர்கள் தாகத்தில் தவிக்கும்போது, ஒரு குகையிலிருந்து நனைந்த சிறகுகளோடு பறவைகள் வெளியே வருவதைப் பார்க்கிறார்கள். தண்ணீர் இருக்கிறது என்று இருட்டுக்குள் நுழைந்தால், பொன்மயமான ஒரு நகரமும் அங்கே தனியாகத் தவமிருக்கும் சுயம்பிரபையும். வால்மீகியில் அவள் அவர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி வெளியே கொண்டுவந்து விடுகிறாள். வந்து பார்த்தால், சுக்கிரீவன் கொடுத்த ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது. கம்பராமாயணத்தில் இந்தப் பகுதியின் பெயர் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’. புகுவதும் நீங்குவதும் தலைப்பிலேயே இருக்கின்றன பாருங்கள். ஒரு வேற்றுமை உண்டு. பிலத்துக்குள் போனவர்கள் வேலையாகப் போன வீரர்கள். ஆலிஸ் வேலை எதுவும் இல்லாமல் அக்காவின் பக்கத்தில் சலிப்போடு உட்கார்ந்திருந்த சிறுமி.

150 ஆண்டுகள் கழித்தும் இவை ஏன் பிடிக்கின்றன?

வேற்றுலகம் அழகாக இருப்பதால் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. பேசும் சிங்கமும் பறக்கும் குரங்கும் எந்தக் கதையிலும் கிடைக்கும். இந்தப் புத்தகங்களை நிலைநிறுத்தி வைத்திருப்பது வாசலுக்கு இந்தப் பக்கத்து வீடு. அந்த வீட்டைப் பற்றி எழுத்தாளர் எவ்வளவு துல்லியமாக இருக்கிறார் என்பதுதான்.

சி. எஸ். லூயிஸ் 1950இல் எழுதிய ‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். லூசி அலமாரிக் கதவைத் திறந்ததும் என்ன நடக்கிறது? ஒளி பாய்வதில்லை, இசை கேட்பதில்லை. இரண்டு அந்துருண்டைகள் கீழே விழுகின்றன. உள்ளே விலங்கு ரோமத்தாலான மேலங்கிகள் தொங்குகின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு போகிறாள். காலடியில் ஏதோ நொறுங்குகிறது. இன்னும் அந்துருண்டை கிடக்கிறது போலும் என்று நினைத்துக் குனிந்து தொடுகிறாள். குளிர்கிறது. அது பனி.

இந்த இடத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் மாடியில் சத்தம் அடங்கிவிடும். பனியைப் பார்க்காத பிள்ளைகள்தான் எல்லாரும். ஆனால் அந்துருண்டையைத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. பட்டுப்புடவை பீரோவைத் திறந்தால் வரும் வாசனை அது. தெரிந்த உருண்டை தெரியாத பனியாக மாறுவது சில வாக்கியங்களுக்குள் நடந்துவிடுகிறது. அதன் பிறகு லூயிஸ் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருக்கிறார்கள், ஆட்டுக் கால்களோடு குடை பிடித்துக்கொண்டு வரும் ஒருவரைக்கூட.

கரோலும் இதே வேலையைச் செய்கிறார். ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்துகொண்டே பக்கத்துச் சுவரில் இருக்கும் தட்டுகளைப் பார்க்கிறாள். ஆரஞ்சு மார்மலேடு என்று எழுதிய ஜாடி ஒன்றை எடுக்கிறாள். காலி. கீழே போட்டால் யார் தலையிலாவது விழுந்து செத்துப்போவார்களே என்று, விழுந்துகொண்டே அதை இன்னொரு தட்டில் வைக்கிறாள். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை! பிறகு அவள் பார்க்கும் சின்னக் கதவின் உயரம் ‘சுமார் 15 அங்குலம்’. கணக்கு வாத்தியார் அல்லவா, அளவு சொல்லாமல் விடுவாரா?

அலமாரி யோசனை லூயிஸுடையதா?

அவர் சிறு வயதில் விரும்பிப் படித்த ஈ. நெஸ்பிட் என்ற எழுத்தாளரின் சிறுகதை ஒன்று உண்டு. தண்டனையாகத் தனி அறையில் விடப்பட்ட ஒரு சிறுமி, ரயில் கால அட்டவணை ஒன்றில் ‘உபரி அறையில் உள்ள பெரிய அலமாரி’ என்று ஒரு ஸ்டேஷன் பெயரைப் பார்க்கிறாள். அந்த அறையில் இருக்கும் அலமாரியைத் திறந்தால் உள்ளே ரயில் நிலையம். 1912இல் வெளிவந்த தொகுப்பில் அந்தக் கதை இருக்கிறது. லூயிஸின் தாத்தா தன் கையால் செதுக்கிய அலமாரி ஒன்றும் அவர் வீட்டில் இருந்தது. இப்போது அமெரிக்காவில் வீட்டன் கல்லூரியில் பாதுகாக்கிறார்கள். பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஆட்டுக்கால் மனிதனின் உருவம் பதினாறு வயதிலிருந்தே தன் மனத்தில் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆக, படம் பதினாறில் வந்தது; புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 51.

இந்தக் கதைகளில் அப்பா அம்மா எங்கே போய்விடுகிறார்கள்?

எழுத்தாளர்கள் அவர்களை நாசூக்காக அப்புறப்படுத்திவிடுவார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை அலமாரிக்குள் நுழைய முடியும்? ‘அங்கே என்ன செய்கிறாய், வெளியே வா’ என்ற ஒரு குரலில், அலமாரிக்கு அந்தப் பக்கத்து உலகமான நார்னியா முடிந்துபோகும்.

ஆனால் அப்புறப்படுத்தும் காரணங்கள் பெரும்பாலும் உண்மையானவை. லூசியும் உடன்பிறந்தவர்கள் மூவரும் ஒரு பேராசிரியரின் கிராமத்து வீட்டுக்கு வருவது குண்டுவீச்சுக்குப் பயந்து. 1939 செப்டம்பரில் போர் தொடங்கிய சில நாட்களுக்குள் பிரிட்டிஷ் அரசு சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து வெளியேற்றியது, பெரும்பாலோர் குழந்தைகள். சில சிறுமிகள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெளியே லூயிஸின் வீட்டிலும் வந்து தங்கினார்கள். ஃபிலிப்பா பியர்ஸின் ‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’ நாவலில் தம்பிக்குத் தட்டம்மை. ஒட்டிக்கொள்ளும் என்று டாமைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விடுமுறை பாழ். விளையாடத் தோட்டம்கூட இல்லாத அடுக்குமாடி வீடு. ஊர்விட்டு ஊர் வந்து தெரியாதவர்கள் வீட்டில் முதல் இரவு படுத்திருக்கும் பிள்ளையின் மனநிலையை இந்த எழுத்தாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். வாசல் திறப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

லூசியின் அண்ணன் எட்மண்ட் சூனியக்காரியிடம் மயங்குவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவள் கொடுப்பது டர்க்கிஷ் டிலைட் என்ற இனிப்பு. நம் மஸ்கோத் அல்வாபோல் வழுக்கும் பண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அற்ப அல்வாவுக்காக ஒருவன் அண்ணனையும் அக்காவையும் தங்கையையும் காட்டிக்கொடுப்பானா என்று ஓர் அப்பா சிரித்தார். புத்தகம் வந்த 1950இல் பிரிட்டனில் மிட்டாய் ரேஷனில்தான் கிடைத்தது. 1953 பிப்ரவரி வரை அதே நிலை. முதலில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தில் எச்சில் ஊறியிருக்கும். தமிழில் அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது. சூனியக்காரி இரண்டு பொருளிலும் கொடுத்துவிடுகிறாள்.

இதெல்லாம் நிஜத்திலிருந்து ஓடி ஒளிவதுதானே? பிள்ளைக்கு என்ன பயன்?

படிப்பு பாதிக்குமோ என்ற கவலை இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கீன் ஆற்றிய உரையில் இதற்குப் பதில் உண்டு. சிறையில் இருப்பவன் தப்பிக்க நினைப்பது வேறு, போர்க்களத்திலிருந்து ஓடுவது வேறு. இரண்டையும் ஏன் குழப்பிக்கொள்கிறீர்கள் என்பது அவர் வாதம். லூயிஸ் வேறு விதமாகச் சொன்னார். மாயக் காட்டைப் பற்றிப் படித்த பிள்ளை நிஜக் காட்டை வெறுப்பதில்லை, நிஜக் காடுகளிலும் கொஞ்சம் மாயம் ஏறிக்கொள்கிறது என்றார்.

என் பதில் இவற்றைவிடச் சின்னது. ‘என் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வருவானா’ என்ற கேள்வியோடு இந்தப் புத்தகங்களைத் தொடாதீர்கள். ஏமாந்துபோவீர்கள்.

அப்படியானால் திரும்பி வருவது எதற்கு? அங்கேயே இருந்துவிடலாமே?

இதைக் கேட்டது எட்டு வயதுப் பையன். இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

வாசல் கதையில் திரும்பும் இடத்தைத்தான் நான் முதலில் சோதித்துப் பார்ப்பேன். சாதம் வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்போமே, அதுபோல. எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ‘ஓஸ் நகரத்து மந்திரவாதி’யில் டோரதியின் ஊரான கேன்சஸை எப்படி வர்ணிக்கிறார்? எல்லாம் சாம்பல் நிறம். நிலம், புல், வீடு, சித்தப்பா, சித்தி, சித்தியின் கண்கள் உட்பட. ஓஸோ மரகத நகரம். ஆனாலும் அந்தப் பெண் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குப் போக வழி கேட்கிறாள். அவ்வளவு அழகான ஊரை விட்டுவிட்டு அந்த வறண்ட இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று சோளக்கொல்லைப் பொம்மை கேட்கிறது. உனக்கு மூளை இல்லாததால் புரியவில்லை என்கிறாள் அவள். எவ்வளவு சாம்பலாக இருந்தாலும் வீட்டைப் போன்ற இடம் வேறு இல்லை என்பதற்குமேல் விளக்கம் இல்லை, தேவையும் இல்லை.

அவள் வந்து இறங்கும்போது அங்கே இருப்பது பழைய வீடு அல்ல. பழையதைத்தான் சூறாவளி தூக்கிக்கொண்டு போய்விட்டதே! சித்தப்பா புதிதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார். பாம் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்தப் புது வீடு மரகத நகரத்தைவிட முக்கியம். அவள் இல்லாத நாட்களில் இங்கே ஒருவர் மரம் அறுத்து, ஆணி அடித்து, காணாமல்போன பிள்ளையை நினைத்துக்கொண்டு வீடு கட்டியிருக்கிறார் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நார்னியாவில் நால்வரும் அரசர்களாக, அரசிகளாகப் பல ஆண்டுகள் ஆண்டு, வளர்ந்து பெரியவர்களாகி, ஒரு நாள் அலமாரி வழியாக வெளியே விழுகிறார்கள். இங்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி பிள்ளைகள். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் பேராசிரியரின் அலமாரியில் நான்கு கோட்டுகளைக் காணவில்லையே, அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று போய்ச் சொல்கிறார்கள். ராஜ்யத்தை ஆண்டவர்களுக்கு இரவல் கோட்டைப் பற்றிய கவலை! மாயம் இந்தப் பக்கம் கசியாது என்று மெண்டல்சன் சொன்னதை மேலே எழுதினேனே, அதற்கு இது நல்ல சாட்சி. கிரீடம் எதுவும் கூட வரவில்லை. வந்தது நான்கு கோட்டுகளின் கடன்.

திரும்ப முடியாமல் போவதையும் இந்த மரபு அறியும். ஜே. எம். பேரியின் பீட்டர் பான் ஒரு காலத்தில் வீட்டுக்குப் பறந்து வந்தவன்தான். அம்மா ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பாள் என்று நம்பி வந்தான். ஜன்னலில் கம்பி, உள்ளே அவன் படுக்கையில் வேறொரு குழந்தை. மீண்டும் பறந்துபோனான், வளரவே இல்லை. 1904இல் நாடகமாகவும் 1911இல் நாவலாகவும் வந்த அந்தக் கதையைக் குதூகலமான சாகசம் என்று நினைத்துக் கொடுப்பவர்கள் ஒருமுறை தாங்களே படித்துவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்து இவ்வளவு துக்கமான குழந்தைப் புத்தகம் குறைவு.

அந்த எட்டு வயதுப் பையனுக்கு நான் சொன்ன பதில் வேறு. ஓஸ் வரிசையின் ஆறாவது புத்தகத்தில், 1910இல், கடன் கட்ட முடியாமல் பண்ணையை வங்கியிடம் இழக்கப்போகும் சித்தப்பாவையும் சித்தியையும் டோரதி ஓஸுக்கே அழைத்துப்போய்க் குடியேறிவிடுகிறாள் என்றேன். ‘அதுதான் சரி’ என்றான்.

எல்லாம் கனவு என்று முடித்தால் ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்றுதான், பெரும்பாலும். 1939இல் வந்த ஓஸ் திரைப்படம் டோரதியின் பயணத்தைத் தலையில் அடிபட்டு மயங்கியவளின் கனவாக்கிவிட்டது. புத்தகத்தில் அப்படி இல்லை. புது வீடு நிற்கிறதே! அவள் காலணி புத்தகத்தில் வெள்ளி நிறம், படத்தில் மாணிக்கச் சிவப்பு. வண்ணப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மாற்றினார்கள். அதை மன்னித்துவிடலாம்.

ஆலிஸின் முதல் புத்தகமும் கனவுதான். அதை மட்டும் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அது நடுவிலேயே கனவின் தர்க்கத்தில்தான் ஓடுகிறது. அவள் முகத்தில் விழுந்த காய்ந்த இலைகளை அக்கா தட்டிவிடும்போது கண் விழிக்கிறாள். அந்த இலைகளே கனவில் சீட்டுக்கட்டுகளாகப் பறந்தன. இரண்டாவது புத்தகத்தில் கரோல் இன்னும் விஷமம் செய்கிறார். கனவு கண்டது ஆலிஸா, சதுரங்கத்தின் செம்படை ராஜாவா என்று வாசகரையே கேட்டுவிட்டு முடித்துவிடுகிறார்.

என் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு பீரோவுக்குள் புகுந்துகொண்டால்?

பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்து வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. லூயிஸே தன் புத்தகத்தில் அலமாரிக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வது முட்டாள்தனம் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். பேரியின் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கட்டிலிலிருந்து பறக்க முயன்று அடிபட்டுக்கொண்டதால், தேவதைத் தூள் மேலே படாமல் யாராலும் பறக்க முடியாது என்ற விதியைப் பெற்றோர் கேட்டுக்கொண்டபடி பிறகு சேர்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். கதையின் அந்தப் புகழ்பெற்ற தூள் அப்படிப் பிறந்ததுதான்.

நார்னியாவின் ஏழு புத்தகங்களை எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையில். அதாவது 1950இன் அலமாரிப் புத்தகம் முதலில். இப்போது கடையில் கிடைக்கும் பதிப்புகளில் 1955இல் வந்த ‘மந்திரவாதியின் மருமகன்’ என்ற நூலுக்கு எண் 1 கொடுத்திருக்கிறார்கள், கதைக்காலப்படி அது முந்தியது என்பதால். ஓர் அமெரிக்கச் சிறுவன் இதைப் பற்றி எழுதியபோது லூயிஸும் கதைக்கால வரிசையை ஆதரித்தார். எந்த வரிசையில் படித்தாலும் பரவாயில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஆசிரியர் சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை. காட்டின் நடுவே தனியாக ஒரு தெருவிளக்கு எரிகிறது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாமல் ஐந்து புத்தகங்கள் காத்திருப்பது ஒரு சுகம். முதலிலேயே சொல்லிவிட்டால் அது வெறும் விளக்குக் கம்பம்.

இவற்றில் இனவெறி இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. 1954இல் வந்த நார்னியா நூலில் எதிரி நாட்டுக்காரர்கள் கருத்த தோலும் தலைப்பாகையும் வளைந்த வாளுமாக வருகிறார்கள். ‘கெட்டவர்கள் எல்லாரும் ஏன் தலைப்பாகை கட்டியிருக்கிறார்கள்? என் தாத்தாவும் கட்டுவாரே’ என்று ஒரு சிறுமி கேட்டாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினோம். பேரியின் தீவில் அமெரிக்கப் பழங்குடியினர் கேலிச் சித்திரமாக வருகிறார்கள். பாம் 1890இலும் 1891இலும் தன் செய்தித்தாளில் அந்த மக்களை அழித்தொழிக்க வேண்டும் என்றே தலையங்கம் எழுதியவர். ஓஸின் இனிமையை ரசிக்கும்போது அது என் தொண்டையில் சிக்கும். நார்னியாவின் கடைசிப் புத்தகத்தில் சூசனை, உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் ஆசை வைத்தவள் என்று வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அதையும் நான் மன்னிக்கவில்லை.

கதையின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. வெளியூரிலிருந்து நேற்று வந்த நான்கு பிள்ளைகள் அந்த நாட்டுக்கு அரசர்களாகிறார்கள். காலங்காலமாக அங்கே வாழும் பீவர் என்ற விலங்குகளும் குள்ளர்களும் கைகட்டி வரவேற்கிறார்கள். பேரரசு நடத்திய நாட்டின் கதை அப்படித்தான் வரும்போலும். மறைக்காமல் படித்து, பிள்ளைகளையே கேள்வி கேட்க விடுங்கள்.

ஹாரி பாட்டர் சேருமா?

ஒன்பதே முக்காலாம் பிளாட்பாரத்தை வாசல் இல்லை என்று யார் சொல்வார்கள்? 1997இல் வந்த முதல் புத்தகத்தில் அந்தச் செங்கல் சுவர் அசல் வாசல்தான். ஆனால் ஹாரிக்கு வீடு சுவரின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவன் வேண்டா வெறுப்பாக இந்தப் பக்கம் வருகிறான். பழைய மரபைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட கதை.

தமிழில் படிக்கலாமா, ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டுமா?

தமிழில் தாராளமாகப் படிக்கலாம். ஆலிஸ்தான் மொழிபெயர்ப்பாளரைப் படுத்தும். ஆமை வாத்தியாரைப் பற்றிய ஒரு நகைச்சுவை, டார்ட்டஸ் என்ற சொல்லும் ‘எங்களுக்குக் கற்பித்தார்’ என்று பொருள்படும் டாட் அஸ் என்ற தொடரும் காதில் ஒன்றுபோல விழுவதை நம்பி நிற்கிறது. தமிழில் அதற்கு என்ன செய்வது? அடிக்குறிப்பு போட்டால் சிரிப்பு செத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பாட்டுகள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்த நீதிப் பாடல்களைக் கரோல் கோணலாக்கியிருக்கிறார்; சுறுசுறுப்பான தேனீயைப் பற்றிய பாட்டு ஆலிஸின் வாயில் முதலையைப் பற்றியதாகிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ்ப் பிள்ளைக்கு முதலை மட்டும் தெரியும், கோணல் தெரியாது. மாடியில் நான் அந்த இடத்தில் ‘பாலும் தெளிதேனும்’ பாட்டைக் கெடுத்துச் சொல்வேன். ஔவையார் பொறுத்தருள்வாராக. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

படம் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரே ஓர் உதாரணம்: மிஷேல் எண்டே என்ற ஜெர்மானியர் 1979இல் எழுதிய ‘முடிவில்லாக் கதை’. நிஜ உலகம் ஒரு நிற மையிலும் வேற்றுலகம் இன்னொரு நிற மையிலும் அச்சான புத்தகம். 1984 படம் அதில் பாதியோடு நின்றுவிட்டது. மறுபாதியில்தான் விஷயமே இருக்கிறது. வேற்றுலகில் கதையின் நாயகனான சிறுவன் பாஸ்டியன் என்ன ஆசைப்பட்டாலும் நடக்கும். ஒவ்வோர் ஆசைக்கும் விலையாக அவன் ஊரின் நினைவு ஒன்று அழிந்துபோகும். நினைவு முழுவதும் தீர்ந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் அங்கே ஒரு நகரத்தில் அலைகிறார்கள். எண்டேக்குப் படம் பிடிக்கவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

எந்த வயதில், எதிலிருந்து தொடங்கலாம்?

ஐந்து, ஆறு வயதில் ஓஸ். நீங்கள் படித்துக் காட்ட வேண்டும். ஏழெட்டில் நார்னியா. ஆலிஸை எல்லாரும் சீக்கிரமே வாங்கித் தந்துவிடுகிறார்கள்; ஒன்பது, பத்துக்கு முன் அது பல பிள்ளைகளுக்குப் பயமாகவும் குழப்பமாகவும்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

‘எனக்குப் போரடிக்கிறது’ என்று நாள் முழுக்க முனகும் பத்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், நார்ட்டன் ஜஸ்டரின் ‘மாயச் சுங்கச்சாவடி’, 1961. ஜஸ்டர் ஒரு கட்டடக் கலைஞர். நகரங்களைப் பற்றிப் புத்தகம் எழுத நிதி வாங்கிக்கொண்டு, அதை எழுதாமல் இதை எழுதினார். எதிலும் ஆர்வமில்லாத மைலோ பள்ளி விட்டு வந்தால் அறையில் ஒரு பார்சல். பிரித்து நிறுத்தினால் சின்னச் சுங்கச்சாவடி. பொம்மைக் காரில் ஏறி அதைக் கடந்தால் சொற்களின் ராஜ்யமும் எண்களின் ராஜ்யமும். வாரக்கணக்கில் அலைந்து திரும்பினால் இங்கே ஆனது ஒரு மணி நேரம். மறுநாள் ஓடிவந்து பார்க்கிறான், சாவடியைக் காணோம். வேறு பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிறது என்று ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. ஃபாஸ்டாக் யுகத்துப் பிள்ளைகளிடம் ‘காசு போட்டுக் கடக்கும் சாவடி’ என்று விளக்க வேண்டியிருந்தது எனக்கு.

பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றால்?

‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’, 1958. அந்த ஆண்டுக்கான கார்னகி பதக்கம் பெற்றது. மேலே சொன்ன தட்டம்மைப் பையன். கூடத்தில் இருக்கும் பழைய கடிகாரம் ஓர் இரவு 13 மணி அடிக்கிறது. எழுந்து பின்கதவைத் திறக்கிறான். பகலில் குப்பைத் தொட்டிகள் வைத்திருந்த முற்றத்தில் புல்வெளியும் மரங்களும் பூக்களுமாக ஒரு பெரிய தோட்டம். அங்கே ஹாட்டி என்ற சிறுமி. ஒவ்வோர் இரவும் போகிறான். அவனுக்கு ஒரே கோடை விடுமுறைதான், அவளோ இரவுக்கு இரவு வயதில் மூத்துக்கொண்டே போகிறாள். பியர்ஸ் தான் வளர்ந்த கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள வீட்டின் தோட்டத்தைத்தான் எழுதினார். முடிவைச் சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு பக்கங்களை மாடியில் என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பெண் புத்தகத்தை வாங்கிப் படித்து முடித்தாள்.

நீங்கள் சிறு வயதில் எப்போதாவது முயன்று பார்த்ததுண்டா?

உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது மர அலமாரி அல்ல, பச்சை நிற இரும்பு பீரோ. அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் திறந்தேன். அந்துருண்டை வாசனை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நான்கு தட்டுகள், நடுவில் லாக்கர். தலையை மட்டும்தான் விட முடிந்தது. கழுத்து வலிக்கும் வரை அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்தால் பூக்கூடையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். பணம் திருடுகிறேன் என்றுதான் நினைத்தாள்.